ஏழாயிரத்து எண்ணூறு ரூவா ரூம்

டிஸ்கி: இது பயணக் கட்டுரை இல்ல. தூண் பாறை படமெல்லாம் கிடையாது. கணக்குப் பதிவு. கணக்குல வீக்கானவங்களும் தைரியமா உள்ள வரலாம், நானும் அந்த ஜாதிதான் :-)

எங்கப்பா முப்பத்தி நாலு வருஷம் லாட்ஜ் ரிசப்ஷன்ல உக்காந்தவர். மதுரை ரயில்வே ஸ்டேஷனை விட்டு வெளிய வந்தா டவுன்ஹால் ரோடு, மேலப்பெருமாள் மேஸ்திரி வீதின்னு வரிசையா லாட்ஜா இருக்கும் பாருங்க, அதுல ஒண்ணு. மொத்தம் 48 ரூம். 1979-ல சேந்தார், 2013-ல வெளிய வந்தார். ராமேஸ்வரம் போற வடநாட்டுக்காரங்க, மருந்துக் கம்பெனி ரெப்புங்க, கோர்ட்டு கேஸுக்கு வந்தவங்க, கல்யாண கோஷ்டி, வீட்டை விட்டு ஓடி வந்த ஜோடின்னு எல்லாருக்கும் அவர்தான் லெட்ஜர்ல பேர் எழுதி சாவி குடுப்பார். கொடைக்கானலுக்கு ஹனிமூன் போறவங்க ராத்திரி ரயில்ல வந்து இறங்கி, குளிச்சுட்டு காலைல பஸ் பிடிக்க ரூம் கேப்பாங்க. அவங்களுக்கு எந்த பஸ், எங்க சாப்பிடணும், ஸ்வெட்டர் எங்க வாங்கணும்னு சொல்லிக் குடுத்தே அனுப்புவார்.

அவர் கொடைக்கானல்ல ஒரு ராத்திரிகூட தங்கினதில்ல. கொடைக்கானல் என்ன, சொந்த லாட்ஜைத் தவிர எந்த ஓட்டல்லயும் தங்கினதில்ல. அங்கயும் நைட் டூட்டியில சேர்லதான் தூக்கம்.

எங்கம்மா இதை ஒத்தை வரியில சொல்லும். "ஊருக்கே ரூம் போட்டுக் குடுத்த மனுசன், பொண்டாட்டிக்கு ஒரு ரூம் போட்டதில்ல."

நாப்பது வருஷமா இந்த டயலாக்கைக் கேட்டு வளந்தவன் நான். அதனால 2025 மே மாசம் நானே போட்டேன். கொடைக்கானல்ல, ஊருக்கு வெளிய ஒன்பது கிலோமீட்டர் தள்ளி ஒரு ரிசார்ட்டு. பேரு வேணாம். ரெண்டு ரூம், ரெண்டு ராத்திரி. அப்பா அம்மாவுக்கு ஒண்ணு, எனக்கும் தங்கமணிக்கும் பாப்பாவுக்கும் ஒண்ணு. ரூமுக்கு ஒரு ராத்திரி 7,800 ரூவா. காலை டிபன் சேர்த்து.

அப்பாகிட்ட 2,500-னு சொன்னேன்.

பொய்தான். உண்மையைச் சொன்னா வீட்டு வாசப்படியையே தாண்ட மாட்டார். 2,500-க்கே "எதுக்குடா"ன்னு ரெண்டு நாள் முனகினார்.

இ-பாஸ் எல்லாம் எடுத்து, வாடகைக் கார் பிடிச்சு, பத்தரை மணிக்கே போய் இறங்கிட்டோம். (2024 மே 7-லேருந்து ஊட்டிக்கும் கொடைக்கும் இ-பாஸ், ஹைகோர்ட் உத்தரவு. 2025 சீசன்ல கூடுதலா உச்சவரம்பும் வெச்சாங்க. கொடைக்கு வார நாள்ல 4,000 வண்டி, சனி ஞாயிறுல 6,000.) செக்-இன் ரெண்டு மணிக்குன்னாங்க. ரூம் இன்னும் ரெடியாகலை, உக்காருங்க சார்.

இங்கதான் ஆரம்பிச்சது வினை.

அப்பா கேட்டார், "காலி பண்றது எப்போ தம்பி?" ரிசப்ஷன் பையன் சொன்னான், "பதினோரு மணி சார்." அப்பா என் பக்கம் திரும்பி மெதுவா, "ரெண்டு நாளுக்கு நாப்பத்தஞ்சு மணி நேரம்தான் தர்றான். மூணு மணி நேரம் முழுங்கிட்டான்"ன்னார்.

லாட்ஜ்ல இருந்தவங்களுக்குத்தான் இது உறைக்கும். நம்ம ஊர் பஸ் ஸ்டாண்டு, ரயில்வே ஸ்டேஷன் பக்கம் இருக்கிற லாட்ஜ்ல 24 மணி நேர செக்-அவுட். ராத்திரி ஒன்பதுக்கு வந்தா மறுநாள் ராத்திரி ஒன்பது வரைக்கும் ரூம் உங்களுது. ரயில், பஸ் எப்ப வருதோ அப்பத்தான் ஆள் வருவான், வேற வழியில்ல. ரிசார்ட்ல அப்படி இல்ல. எல்லாரும் ஒரே நேரத்துல வந்து ஒரே நேரத்துல போகணும், நடுவுல மூணு மணி நேரத்துல மொத்த ரூமையும் கூட்டித் துடைச்சு பெட்ஷீட் மாத்தணும். எங்க லாட்ஜ்ல நாள் பூரா ஒண்ணு ரெண்டா காலியாகும், ரூம் பாய் ரெண்டு பேர் போதும்னு அப்பாவே பின்னால விளக்கினார். ஆனா அந்த நேரத்துக்கு மூணு மணி நேரம் முழுங்கினது முழுங்கினதுதான்.

மூணரை மணி நேரம் லாபில உக்காந்திருந்தோம். பாப்பா மீன் தொட்டியைப் பாத்துக்கிட்டு இருந்தா. அப்பா கொஞ்ச நேரத்துல எந்திரிச்சு ரிசப்ஷன் மேஜைகிட்ட போய் நின்னுட்டார். கால் அங்கதான் போகும் போல. பையன்கிட்ட பேச்சு. எந்த ஊரு தம்பி, எத்தனை ரூம், எத்தனை பேர் வேலை செய்றாங்க, தண்ணிக்கு என்ன பண்றீங்க. நான் போய்ப் பாக்கும்போது ரெண்டு பேரும் கம்ப்யூட்டர் ஸ்கிரீனைப் பாத்துக்கிட்டு இருந்தாங்க. அந்தப் பையன் புக்கிங் எப்படிப் போடுறதுன்னு அப்பாவுக்குக் காட்டிக்கிட்டு இருந்தான்.

ஸ்கிரீன்ல எங்க பேரு. பக்கத்துல 7,800.

அப்பா ஒண்ணும் சொல்லலை. கண்ணாடியைக் கழட்டித் துடைச்சு மாட்டிக்கிட்டார். என்னைப் பாத்தார். அப்புறம் அந்தப் பையன்கிட்ட, "இதுக்கு மேல வரி எவ்வளவுப்பா?"

"பதினெட்டு பர்சன்ட் சார். 1,404. மொத்தம் 9,204."

அப்போ இருந்த ஜிஎஸ்டி கணக்குப்படி ரூம் வாடகை 7,500 வரைக்கும் 12 சதவீதம். ஒரு ரூவா தாண்டினாலும் முழுத் தொகைக்கும் 18. அப்பா காலத்துல இருந்தது சொகுசு வரி, ஜிஎஸ்டி எல்லாம் அவர் ரிடையர் ஆனப்புறம் வந்தது. ஆனாலும் மனுசன் அரை நிமிஷத்துல வாயாலயே போட்டுட்டார். "ஏன் தம்பி, 7,500-னு வெச்சா வரி 900. வர்றவன் 8,400 குடுத்தாப் போதும். உங்களுக்குக் குறையறது 300, அவனுக்கு மிச்சம் 804. உங்க முதலாளிகிட்ட சொல்லிப் பாரு." பையன் தலையைச் சொறிஞ்சான். மேல இருக்கிறவங்க முடிவு சார்.

ரூமுக்கு மேல ஏற நாப்பது படி. சரிவுல கட்டினது, லிஃப்ட் கிடையாது. அப்பா மூணு இடத்துல நின்னார். ஏழாயிரம் அடி உசரம், காத்து லேசா இருக்கும்ப்பா, மெதுவா வாங்கன்னு நாந்தான் சொன்னேன். அவரும் ஆமான்னார்.

அன்னிக்கு ராத்திரி அவருக்கு இட்லி வேணும்னார். மெனு கார்டைப் பாத்தா மூணு இட்லி 180 ரூவா. அதுக்கும் 18 சதவீதம். முந்தின வருஷம் ஒரு ரூமையாவது 7,500-க்கு மேல வித்திருந்தா அந்த வளாகத்துல இருக்கிற ரெஸ்டாரன்ட்டுக்கும் 18 தான், வெளிய இருக்கிற ஓட்டலுக்கு 5. ஆக மொத்தம் 212 ரூவா 40 பைசா. ஒரு இட்லி எழுவது ரூவா எம்பது பைசா. அம்மா ஒரு இட்லியைக் கையில எடுத்து விளக்கு வெளிச்சத்துல திருப்பித் திருப்பிப் பாத்துச்சு. உள்ள ஏதாச்சும் வெச்சிருக்காங்களான்னு :-)

சரி, வெளிய போய் சாப்பிடலாம்னா ஒன்பது கிலோமீட்டர். ராத்திரியில மூடுபனி. டிரைவர் தம்பி வேற வண்டிக்குள்ளயே படுத்துட்டார். டிரைவருக்குத் தங்க இடம் இருக்குன்னுதான் போன்ல சொன்னாங்க. இருக்கு, ஆளுக்கு 500 ரூவா, போர்வைக்குத் தனி. நான் குடுக்கிறேன்னேன், அவர் வேண்டாம் சார் பழக்கம்தான்னுட்டார். அப்பாவுக்கு இதுதான் பெருசா வலிச்சது. அவங்க லாட்ஜ்ல மாடிப்படிக்குக் கீழ டிரைவருங்க படுக்க பாய் தலகாணி எப்பவும் இருக்கும், காசு வாங்கினதில்ல. "டிரைவர் நல்லாத் தூங்கினாத்தானடா அடுத்த தடவை நம்ம லாட்ஜுக்குக் கூட்டிட்டு வருவான்." தர்மமும் வியாபாரமும் ஒரே பாயில படுத்திருந்த காலம்.

கேம்ப்ஃபயர் வேற. ஒரு கட்டு விறகு 1,200 ரூவா. பாப்பா கேட்டுச்சு, போட்டாச்சு.

ராத்திரி ஒரு மணி இருக்கும், தண்ணி குடிக்க எந்திரிச்சேன். பக்கத்து ரூம் பால்கனியில ரெண்டு உருவம். மப்ளர் சுத்திக்கிட்டு அப்பாவும் அம்மாவும் உக்காந்திருக்காங்க. தூக்கம் வரலையாப்பான்னேன்.

"9,204 ரூவா குடுத்துட்டு எவனாச்சும் தூங்குவானா? முழிச்சிருந்து பாத்துக்கிறேன்."

அம்மா சிரிச்சுச்சு. அப்பத்தான் தெரிஞ்சது, அம்மாகிட்டயும் சொல்லிட்டார்னு.

ரெண்டு நாள் முடிஞ்சு பில்லு வந்துச்சு. ரூம் மட்டும் 36,816. சாப்பாடு, விறகு எல்லாம் சேத்து 46 ஆயிரத்தைத் தொட்டுச்சு. காரு தனி. திரும்பி வர்ற வழி பூரா எனக்கு வயித்தெரிச்சல். பெங்களூருக்கு ஆபீஸ் வேலையா மாசம் ஒருதடவை போவேன். பெரிய சிட்டி, நாலு நட்சத்திர ஓட்டல், செவ்வாய்க்கிழமை 6,200. அதே ரூம் சனிக்கிழமை 3,900. அங்க ஜிம் இருக்கு, லிஃப்ட் இருக்கு, பாத்ரூம்ல எந்நேரமும் வெந்நீர் வருது. இங்க காலைல ஆறுலேருந்து ஒன்பது வரைக்கும்தான் வெந்நீர், அதுக்கு 9,204. கொள்ளையடிக்கிறாங்கப்பான்னேன்.

நான் எதிர்பாத்தது அப்பா என்னோட சேந்து திட்டுவார்னு. மனுசன் ஜன்னல் வழியா வெளியவே பாத்துக்கிட்டு, "இட்லிதான்டா கொள்ளை. ரூம் இல்ல"ன்னார். வத்தலக்குண்டு வர்ற வரைக்கும் அதுக்கு மேல பேசலை.

அந்த வாக்கியத்துக்கு அர்த்தம் எனக்கு ஆறு மாசம் கழிச்சு சென்னையில தெரிஞ்சது.

செப்டம்பர்ல வீட்டு மாடி ஏறும்போதே அப்பாவுக்கு மூச்சு வாங்கிச்சு. மதுரையில ஏது ஏழாயிரம் அடி? ஆஞ்சியோகிராம் பண்ணினா மூணு அடைப்பு. கொடைக்கானல் படியில மூணு இடத்துல நின்னாரே, அப்பவே நெஞ்சு சொல்லியிருக்கு. நான் காத்து மேல பழியப் போட்டேன். அதைப் பத்தி இங்க அதிகம் எழுதப் போறதில்ல, எழுதினா பதிவு வேற பக்கம் போயிடும்.

தங்கமணியோட அக்கா முறை ஒருத்தங்க சென்னையில பெரிய ஆஸ்பத்திரியில நர்ஸ். அங்கயே பண்ணிக்கலாம்னு முடிவாச்சு. 2025 நவம்பர்ல பைபாஸ். நானும் அம்மாவும் ஆயிரம் விளக்கு கிரீம்ஸ் ரோடு பக்கம் ஒரு லாட்ஜ்ல ரூம் எடுத்தோம். அந்த ஏரியா தெரிஞ்சவங்களுக்குத் தெரியும், அது தனி உலகம். சந்துக்குச் சந்து லாட்ஜ், போர்டெல்லாம் வங்காளத்துல. கல்கத்தா, அசாம், பங்களாதேஷ்னு எங்கிருந்தெல்லாமோ வைத்தியத்துக்கு வந்தவங்க. ரூம்லயே ஒரு ஓரமா சிலாப் போட்டு கேஸ் அடுப்பு வெச்சிருப்பாங்க. பாத்திரம் வாடகைக்குத் தருவாங்க. காலைல ஏழு மணிக்கு வராந்தா பூரா கடுகெண்ணெயில மீன் பொரியற வாசம். முதல் நாள் அம்மா மூக்கைப் பொத்திக்கிச்சு. நாலாவது நாள் பக்கத்து ரூம் வங்காளத்து அம்மாகிட்ட சைகையிலயே ரசம் வெக்கச் சொல்லிக் குடுத்துக்கிட்டு இருந்துச்சு. ரெண்டு பேருக்கும் ஒத்தை வார்த்தை பொதுவா கிடையாது. ரெண்டு பேர் வீட்டுக்காரரும் ஒரே வார்டுல.

வாடகை 1,600. வரி 5 சதவீதம். (செப்டம்பர் 22-ஆம் தேதிலேருந்து 7,500 வரைக்கும் 12-ஐ 5 ஆக்கிட்டாங்க. அதுக்கு மேல அதே 18.) ரூம்ல ஜன்னலைத் திறந்தா அடுத்த கட்டடத்துச் சுவர், கை நீட்டினா தொடலாம். ஆனா கீழ இறங்கினா ஒரு இட்லி 12 ரூவா, மருந்துக்கடை ராத்திரி பூரா திறந்திருக்கும், ஆட்டோ நிக்கும், இளநீர் வண்டி, ஜெராக்ஸ் கடை, கோயில், மசூதி. இது எதுக்கும் லாட்ஜ்காரர் ஒரு பைசா செலவு பண்ணலை. சிட்டி பண்ணி வெச்சிருக்கு. சிட்டியில ரூம் எடுத்தா நீங்க வாங்கறது கட்டில் மட்டும்தான், மத்ததெல்லாம் தெருவுல கிடைக்குது. மலை மேல அந்தத் தெருவையே அவன் உள்ளுக்குள்ள கட்டி வெக்கணும். இதுவரைக்கும் நானே யோசிச்சுட்டேன்.

ஏழு நாள் கழிச்சு டிஸ்சார்ஜ். ஒரு வாரம் பக்கத்துலயே இருங்க, ஒரு செக்கப் முடிச்சுட்டு ஊருக்குப் போலாம்னுட்டார் டாக்டர். அப்பாவை அந்த லாட்ஜுக்குக் கூட்டிட்டு வந்தோம். இங்க லிஃப்ட் இருந்தது, அதைப் பாத்துத்தான் ரூமே எடுத்திருந்தேன்.

உள்ள நுழைஞ்சதும் அப்பா நின்னு பாத்தது ரிசப்ஷனைத்தான். லெட்ஜர் நோட்டு, சாவி மாட்டுற பலகை, பின்னால சாமி படத்துக்கு சின்ன விளக்கு. முகத்துல ரெண்டு வாரமா காணாத ஒரு தெளிவு.

மூணாவது நாள் படுத்துக்கிட்டே பேப்பரும் பேனாவும் கேட்டார். நெஞ்சைக் குனிக்கக் கூடாது, அதனால அவர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன்.

"கொடைக்கானல். நாப்பத்தஞ்சு மணி நேரம். ஒரு ரூமுக்கு என்ன குடுத்த?"

"18,408."

"மணிக்கு எவ்வளவு?"

போன்ல தட்டினேன். 409 ரூவா.

"இங்க பதினாலு நாள்?"

22,400, வரி 1,120, மொத்தம் 23,520. மணி 336. வகுத்தா முழுசா எழுவது ரூவா. நான் ஜெயிச்ச மாதிரி நிமிந்து பாத்தேன். 409 எங்க, 70 எங்க. நான் சொன்னேன்ல?

"இரு. இப்போ அவன் பக்கம் போடு."

லாபில நின்ன மூணரை மணி நேரத்துல அந்தப் பையன்கிட்ட எல்லாத்தையும் கறந்துட்டு வந்திருக்கார் மனுசன். அந்த ரிசார்ட்ல ஒரு ரூம் வருஷத்துக்கு ஏறக்குறைய 120 ராத்திரிதான் போகுதாம். ஏப்ரல், மே, அப்புறம் தீபாவளி, பூஜை லீவு, கிறிஸ்துமஸ், சேந்தாப்புல வர்ற லீவு நாளுங்க, இதுல ஒரு 60 நாள் முழு ரேட்டு. மிச்சம் 60 நாள் 3,000-க்கு, அதுவும் கெஞ்சினா. மீதி 245 ராத்திரி பூட்டு தொங்கும்.

அறுபது இன்டு 7,800. நாலு லட்சத்து அறுபத்தெட்டாயிரம். அறுபது இன்டு 3,000. ஒரு லட்சத்து எம்பதாயிரம். கூட்டினா ஆறு லட்சத்து நாப்பத்தெட்டாயிரம்.

"365-ஆல வகு."

1,775.

"இந்த லாட்ஜ்? நீயே பாக்குற, எந்த நாளாச்சும் காலி இருந்துச்சா? சரி, வெள்ளை அடிக்க, ரிப்பேர்னு 35 நாள் கழிச்சுக்க. 330 இன்டு 1,600."

ஐந்து லட்சத்து இருபத்தெட்டாயிரம். வகுத்தா 1,447.

எழுதின பேப்பரையே பாத்துக்கிட்டு இருந்தேன். 7,800 ரூவா ரூமும் 1,600 ரூவா ரூமும் முதலாளிக்கு ஒரு நாளைக்குத் தர்றது 1,775-ம் 1,447-ம். வித்தியாசம் 328 ரூவா. அந்த 328-க்குள்ள அவன் லாரித் தண்ணி வாங்கணும். பனியில துணி காயாது, அதனால பெட்ஷீட்டை வண்டியில ஏத்தி கீழ வத்தலக்குண்டுக்கு வெளுக்க அனுப்புறானாம். வேலையாளுங்க வெளியூர், அவங்களுக்கு மேலயே தங்க இடம், சாப்பாடு. ஆள் வந்தாலும் வராட்டியும் வாட்ச்மேனுக்கும் தோட்டக்காரனுக்கும் சம்பளம். இங்க வேலை செய்றவங்க சாயந்திரம் பஸ் ஏறி வீட்டுக்குப் போயிடுவாங்க.

இதெல்லாம் தோராயக் கணக்குதான். நிலத்து விலையைச் சேக்கலை, பேங்க் வட்டியைச் சேக்கலை. கிரீம்ஸ் ரோட்டு மனை விலையைச் சேத்தா கணக்கே தலைகீழாப் போகும்னு நான் சொன்னேன். அப்பா ஒத்துக்கிட்டார். ஆனா அவர் சொன்ன விஷயம் வேற.

"ரூம்ங்கிறது காய்கறி மாதிரிடா. இல்ல, அதை விட மோசம். கத்திரிக்கா நாளைக்கும் வாடிப்போயி விக்கும். இன்னிக்கு ராத்திரி விக்காத ரூம் நாளைக்கு விக்காது, நாளைக்கு விக்கிறது நாளைக்கு ரூம். நீ குடுத்த 7,800, நீ தூங்கின ராத்திரிக்கு மட்டும் இல்ல. யாருமே வராத ஜூலை மாச ராத்திரிக்கும் சேத்து."

சீசன்னா அவருக்குத் தெரியாதா. சித்திரைத் திருவிழா சமயத்துல 48 ரூமும் நிறைஞ்சு, மொட்டை மாடியில பாய் போட்டு ஆளுக்கு இவ்வளவுன்னு வாங்குவாங்க. வருஷத்துல அந்தப் பத்து நாள்தான் ஓனர் ரேட்டை ஏத்துவார். மிச்ச நாள் பக்கத்து லாட்ஜ்காரன் பத்து ரூவா குறைச்சா இவங்களும் குறைக்கணும், இல்லேன்னா ஆள் ரோட்டைத் தாண்டி எதிர்ல போயிடுவான். சிட்டியில ரேட்டைக் கட்டிப் போடறது நல்ல மனசு இல்ல, எதிர்த்த வீட்டு லாட்ஜ்.

அந்தக் கட்டு அறுந்தா சிட்டிக்கும் கொடைக்கானலுக்கும் ஒரு வித்தியாசமும் கிடையாது. 2023 அக்டோபர்ல அகமதாபாத்ல இந்தியா பாகிஸ்தான் உலகக்கோப்பை மேட்ச் வந்துச்சே, ஞாபகம் இருக்கா? ஓட்டல் ரேட்டு எங்கயோ போயிடுச்சு. ஜனங்க புத்திசாலித்தனமா ஆஸ்பத்திரியில ஃபுல் பாடி செக்கப்புன்னு சொல்லி ராத்திரி தங்கப் படுக்கை கேட்டதா பேப்பர்ல வந்துச்சு. நான் இதைச் சொன்னதும் அப்பா சிரிக்கப் பாத்தார், நெஞ்சுத் தையல் வலிச்சது, தலகாணியை நெஞ்சோட அணைச்சுக்கிட்டு சிரிச்சார். "ஆஸ்பத்திரிப் படுக்கை ஒரு நாளைக்கு என்ன ரேட்டுன்னு நம்மகிட்ட கேட்டிருந்தா வந்திருக்க மாட்டாய்ங்க."

பெங்களூரு செவ்வாய்க்கிழமை ரேட்டும் இப்பத்தான் புரிஞ்சது. ஆபீஸ்காரன் செவ்வாய், புதன்தான் வருவான், அவன் கைக்காசு இல்ல. சனிக்கிழமை ரூம் காத்தாடும், குறைப்பாங்க. கொடைக்கானல்ல அப்படியே உல்டா, சனிக்கிழமைதான் திருவிழா. ரெண்டு பேரும் ஒரே வியாபாரம், கிழமைதான் வேற.

ஆனா ஒரு விஷயத்துல நான் இன்னும் அப்பா பக்கம் முழுசா சாயலை. அவன் காலி ராத்திரிக்கு நான் ஏன் காசு குடுக்கணும்? நான் மாசச் சம்பளக்காரன், வருஷத்துல ரெண்டு நாள் தங்கறவன். அவன் கட்டினது அவன் பாடு. இதைக் கேட்டேன். அப்பா, "குடுக்க வேணாம். யாரும் கழுத்தைப் பிடிக்கலையே. ரேட்டைச் சொல்லித்தான் வித்தான். நீதான் எங்கிட்ட 2,500-னு வித்த"ன்னார்.

ஆறு மாசம் உள்ளயே வெச்சிருந்திருக்கார் பாருங்க.

என்ன சொல்றதுன்னு தெரியலை. சாரிப்பான்னேன். அவர் அதைக் கண்டுக்கலை. இட்லியைப் பத்தி மறுபடி ஆரம்பிச்சுட்டார். ரூமை என்ன ரேட்டுக்கு வேணும்னாலும் விக்கலாம், பிடிச்சா எடுப்பான், இல்லேன்னா போவான். உள்ள வந்து பொட்டியை வெச்சப்புறம் அவனுக்கு வேற வழியில்ல, அப்போ இட்லியிலயும் விறகுலயும் டிரைவர் போர்வையிலயும் கை வெக்கிறதுதான் தப்புங்கிறது அவர் கட்சி. அவங்க லாட்ஜ்ல ரூம் பாய் வெளிய போய் காபி வாங்கிட்டு வந்தா ஓட்டல் விலைதான், மேல ஒரு ரூவா வெச்சாலும் அப்பா விடமாட்டார். அதுல நானும் அவர் கட்சிதான். ரிசார்ட் போறவங்க ரூம் ரேட்டை மட்டும் நாலு சைட்ல ஒப்பிட்டுப் பாக்கிறோம். ராத்திரிச் சாப்பாடு என்ன விலை, டிரைவருக்கு இடம் உண்டா, செக்-இன் எத்தனை மணின்னு போன் போட்டுக் கேக்கறதில்ல. நானும் கேக்கலை.

கிளம்பற அன்னிக்கு எங்க 24 மணி நேரம் காலைல பதினொண்ணுக்கு முடிஞ்சது. ரயில் ராத்திரி. ரிசப்ஷன்ல இருந்த பெரியவர், எட்டு மணி வரைக்கும் இருந்துட்டுப் போங்க, அரை நாள் வாடகை குடுங்க போதும்னார். எண்ணூறு ரூவா. நோயாளியை வெச்சுக்கிட்டு இருக்கோம், கொஞ்சம் பாத்துப் போட்டுக்கங்கன்னு நான் ஆரம்பிச்சேன். அப்பா என் கையை அழுத்தினார்.

"குடுத்திரு. இன்னிக்கு மத்தியானம் அந்த ரூமுக்கு ஆள் நிக்குது."

திரும்பிப் பாத்தா நிஜமாவே நின்னாங்க. ரெண்டு பெட்டி, ஒரு எக்ஸ்ரே கவர், தோள்ல ஒரு குழந்தை. அவங்களுக்கு நாலாவது மாடியில வேற ரூம் கிடைச்சது, அதுக்கப்புறம்தான் அப்பா மேல வந்து படுத்தார்.

ரயில்ல லோயர் பெர்த்ல அப்பா. எதிர்ல அம்மா. விழுப்புரம் தாண்டியிருக்கும். அம்மா ஆரம்பிச்சுச்சு.

"ஏங்க, உடம்பு தேறினதும் ஊட்டி பாக்கணுங்க. அதையும் பாத்துட்டா போதும்."

நான் மேல் பெர்த்ல மூச்சை அடக்கிக்கிட்டுக் கேட்டேன். அப்பா கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசலை. தூங்கிட்டார்னு நினைச்சேன்.

"ஜூலையில போலாம். மழை பெய்யும், ஒருத்தனும் வரமாட்டான். ரேட்டு பாதி. குடை ரெண்டு எடுத்து வெச்சுக்க."